சிமிட்டல்

இரவுப் பணி முடித்து வந்து
பகலில் தூங்க வேண்டிய உடம்பு.
முனிர்காவில் ஐந்தாம் மாடி,
அதற்கு மேல் வெயில்தான் குடியிருக்கிறது.
மே மாதத்தில் சுவரில் கை வைத்தால்
ஜுரக்காரனின் நெற்றி.
குழாயைத் திறந்தால் கீசர் தேவையில்லை.
கூலர் வீசுவது ஈரமான வெயில்.

யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் என்பது
ரண்பால் தோகஸ் போட்ட சட்டம்.
அவருக்கு அது என்ன விலைக்கு வருகிறதென்று
இந்தச் சந்தில் யாரும் கேட்பதில்லை.
ஏப்ரலில் இருநூற்றுப் பதினாலு யூனிட்.
என் சம்பளத்தில் ஒரு துண்டு
எங்கோ ஒரு புகைபோக்கி வழியாக
வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

புயிதான் ஆரம்பித்தாள்.
லால்ரின்புயி என்று முழுப்பெயர்,
சாகேத் மாலில் செருப்புக் கடை.
ஒரே கட்டில், இரவு அவளுக்கு, பகல் எனக்கு.
"உன் வார்டுக்கு வரும் தடுப்பூசி
வெயிலில் எப்படிக் கெடாமல் வருகிறது?"
தெர்மாகோல் பெட்டியில்.
"அப்ப நாம?"

குப்பைக்குப் போக இருந்த ஆறு பெட்டிகளைப்
பிரித்து ஆட்டோவில் ஏற்றி வந்தேன்.
மேற்கு ஜன்னல் அடைபட்டது.
ஃப்ரிட்ஜ் கதவிடுக்கில் பத்து ரூபாய்த் தாளை வைத்து
இழுத்தாள். லஞ்சம் போல வழுக்கி வந்தது.
ரப்பர் மாற்ற முன்னூற்றைம்பது.
இருபத்தெட்டு வாட் மின்விசிறி, தவணையில்.
பிறகு மொட்டைமாடிக்கு வெள்ளை.
எங்கள் அறை அளவுக்கு மட்டும்,
துடைப்பக் கட்டையில் கட்டிய பிரஷ்ஷால்,
காலை ஐந்துக்குத் தொடங்கி
வெயில் விரட்டும் வரை.
அன்று இரவு டியூட்டியில்
காது மடலில் என்ன சிஸ்டர் என்று கேட்டார்
ஏழாம் கட்டில்காரர்.

ஜூன் முதல் தேதி
ரீடிங் எடுக்க வந்த தோகஸ்
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.
தொண்ணூற்றாறு.
மீட்டரைத் தட்டினார்.
எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தார்.
திருட்டு என்ற சொல்லைச் சொல்லாமலே
படிக்கட்டு முழுக்க அதைத் தெளித்துவிட்டு நின்றார்.

"மீட்டர் செத்துடுச்சு," என்றான் வந்தவன்.
சாவை அறிவிக்குமுன்
நாடி பார்ப்பது எங்கள் வழக்கம்.
ஃப்ரிட்ஜை அணைத்து, விசிறியை மட்டும் விட்டு,
கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பிடித்தேன்.
சிவப்புப் புள்ளி சிமிட்டியது.
எண்ணினேன்.
எலக்ட்ரீஷியன் கொட்டாவி விட்டான்.
நாற்பதாவது விநாடியில் மறுபடி.
பழைய விசிறிக்குப் பதினைந்தில் ஒருமுறை
துடித்துக்கொண்டிருந்ததுதான்.
"உயிர் இருக்கு, பாய்சாப்.
படபடப்புதான் குறைஞ்சிருக்கு."

நம்பவில்லை. மாடிக்கு ஏறினார்.
பகல் ஒன்றரை மணி.
ஏனோ செருப்பைக் கழற்றினார்.
வெறுங்காலோடு வெள்ளையில் நின்றார்.
நின்றுகொண்டே இருந்தார்.
பக்கத்தில் பூசாத தளத்தில் ஒரு காலை வைத்து
சட்டென்று எடுத்தார்.
"பக்கெட் என்ன விலை?"

ஜூலையில் வாடகை ஐந்நூறு ஏறியது.
காரணம், அறை குளிர்ச்சியாக இருக்கிறதாம்.
புயி கத்திய மிசோவுக்கு
மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை,
இருநூறில் நின்றது.
அவருடைய மற்ற மூன்று கட்டடங்களுக்கும்
இப்போது வெள்ளைத் தலை.
அங்கேயும் இருநூறு.

மிச்சமான ஆயிரத்து அறுபத்திரண்டில்
அதைக் கழித்துக்கொண்டு படுக்கிறேன்.
மேலே விசிறி, சத்தமில்லாமல்.
வெளியே படிக்கட்டில் அந்தப் புள்ளி
மறந்துபோனது மாதிரி இருந்து
சிமிட்டுகிறது.
இடைப்பட்ட விநாடிகளில்
எந்தச் சுரங்கத்தின் அடியிலோ
என் பேருக்கு வெட்ட வேண்டிய கரித்துண்டு
புரண்டு படுக்கிறது.
தூங்கட்டும்.
புயி வர இன்னும் ஐந்து மணி நேரம் இருக்கிறது.